நான் போடாத வழக்கில் நான் வாதியா?

கேள்வி: எங்கள் ஊர் தஞ்சாவூர் பக்கம். அப்பா இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற வாரம் தம்பி போன் செய்து, "என் மேலேயே கேஸ் போட்டுவிட்டாயே அக்கா" என்று அழுதான். விசாரித்தபோது, பெரியக்காவும் நானும் சேர்ந்து பாகப்பிரிவினை வழக்குத் தொடுத்திருப்பதாகத் தெரிந்தது. நான் இரண்டாம் வாதியாம். அந்த வழக்கைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. பட்டா விஷயமாக நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்று பெரியக்கா சொன்னதால், முன்பு ஒரு வக்கீலிடம் சில தாள்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவரைக் கேட்டால், "வேண்டாம் என்றால் மெமோவில் கையெழுத்துப் போடுங்கள், வாபஸ் வாங்கிவிடலாம்" என்கிறார். போடலாமா?

பதில்: போடாதீர்கள் சகோதரி. "வழக்கை வாபஸ் பெறுகிறேன்" என்று எழுதிக் கொடுத்தால், வழக்கைப் போட்டது நீங்கள்தான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். மறுபடி வழக்குத் தொடரும் உரிமையைக் கேட்டுப் பெறாமல் வாபஸ் வாங்கினால், அதே கோரிக்கைக்காகப் புதிய வழக்குப் போட முடியாது என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 23ஆம் கட்டளை. அப்பா சொத்தில் உங்கள் பங்கு என்ன ஆகும் என்ற வீண் சிக்கலை நீங்களே வரவழைத்துக்கொள்ள வேண்டாம். போதாததற்கு, வாதிகள் பலர் இருக்கும்போது மற்றவர்கள் சம்மதிக்காமல் ஒருவர் மட்டும் விலக நீதிமன்றம் அனுமதிக்கக் கூடாது என்றும் அதே கட்டளை சொல்கிறது. உங்கள் பெரியக்கா சம்மதிப்பாரா?

நீங்கள் சொல்ல வேண்டியது வேறு: "இந்த வழக்கைத் தொடர நான் யாருக்கும் அதிகாரம் கொடுக்கவில்லை."

அதைச் சொல்வதற்கு முன் நீதிமன்றத்திலுள்ள வழக்குக் கட்டைப் பார்த்தாக வேண்டும். ஈ-கோர்ட்ஸ் இணையதளத்தில் உங்கள் பெயரைக் கொண்டு தேடினால் வழக்கு எண்ணும் அடுத்த வாய்தா தேதியும் கிடைக்கும். பிறகு நகல் மனு போட்டு வழக்குரை (வாதி தன் கோரிக்கையைச் சொல்லும் மனு), வக்காலத்து (வக்கீலுக்கு அதிகாரம் தரும் தாள்), பிரமாண வாக்குமூலம் மூன்றுக்கும் சான்றிட்ட நகல் வாங்குங்கள். வக்காலத்தை நிதானமாகப் பாருங்கள். கையெழுத்து ஒரு மையில், வழக்கின் பெயரும் தேதியும் வேறு மையில், வேறு கையெழுத்தில் இருக்கின்றனவா? வழக்குரையின் கடைசிப் பக்கத்தில் "மேற்கண்டவை உண்மை" என்று உறுதி கூறும் இடத்தில் இருப்பது உங்கள் கையெழுத்துதானா? வக்காலத்து ஒன்று மட்டும் போதாது. வழக்குரையிலும் வாதியோ, அவர் முறையாக அதிகாரம் கொடுத்தவரோ கையெழுத்திட வேண்டும்.

இந்த இடத்தில் நேர்மை மிக முக்கியம். வெற்றுத் தாளில் கையெழுத்திட்டது நீங்கள் என்றால் அதை அப்படியே சொல்லுங்கள். கோபத்தில் "போலிக் கையெழுத்து" என்று எழுதிவிட்டு, நிபுணர் ஒப்பிட்டுப் பார்த்து உங்களுடையதுதான் என்று சொன்னால், உங்கள் உண்மையான குறையும் அதோடு அடிபட்டுப் போகும். "நோட்டீசுக்காக என்று சொல்லி வாங்கினார்கள், வழக்குக்கு நான் சம்மதிக்கவில்லை" என்பதே வலுவான வாதம்தான். கையெழுத்து உண்மையிலேயே உங்களுடையது இல்லையென்றால் விஷயம் குற்றவியல் பக்கம் போகிறது. போலீசில் புகார் கொடுக்கலாம். நீதிமன்றத்துக்கு வருவதற்கு முன்பே போலியாகத் தயாரித்த ஆவணம் என்றால், நீதிமன்றம்தான் புகார் செய்ய முடியும், நீங்கள் நேரடியாகச் செய்ய முடியாது என்ற தடை பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்திருக்கிறது.

அடுத்து, வேறொரு வழக்கறிஞரை அமர்த்துங்கள். பழையவர் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர மறுத்தால் அவருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நீங்கள் எழுத்தில் கையெழுத்திட்டு, நீதிமன்ற அனுமதியோடு வக்காலத்தை ரத்து செய்ய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 3ஆம் கட்டளை, 4ஆம் விதி வழி தருகிறது. கூடவே, வாதிகள் வரிசையிலிருந்து உங்கள் பெயரை நீக்கவும் மனு போடுங்கள். ஆனால் பாகப்பிரிவினை வழக்கில் பங்குதாரர் அத்தனை பேரும் கட்சிக்காரர்களாக இருந்தாக வேண்டும். எனவே நீதிமன்றம் உங்களை முழுவதுமாக விடுவிக்காது, பிரதிவாதிகள் வரிசைக்கு மாற்றும். பயப்படாதீர்கள். பிரதிவாதியும் உரிய நீதிமன்றக் கட்டணம் செலுத்தித் தன் பங்கைப் பிரித்துத் தரும்படி கேட்கலாம்.

இதெல்லாம் பெரிய இடங்களில் எடுபடுமா என்று நினைக்க வேண்டாம். உத்தரப் பிரதேசத்துக்காரர் ஒருவர், தன் பெயரில் உச்ச நீதிமன்றத்தில் தாக்கலான மனுவைத் தான் போடவே இல்லை என்றும், அந்த வழக்கறிஞர்களைத் தான் அமர்த்தவில்லை என்றும் முறையிட்டார். நீதிபதிகள் பேலா திரிவேதி, சதீஷ் சந்திர சர்மா அமர்வு 2024 செப்டம்பரில் அதை சிபிஐ விசாரிக்க உத்தரவிட்டது. அதிகாரம் பெற்ற வழக்கறிஞர்களின் பெயர்களை மட்டுமே வருகைப் பதிவில் தர வேண்டும் என்றும் சொன்னது.

வக்கீல் மீது நடவடிக்கை வேண்டுமென்றால் தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலில் புகார் கொடுங்கள். கட்சிக்காரரோ அவருடைய அங்கீகாரம் பெற்ற முகவரோ தவிர வேறு யார் சொல்வதைக் கேட்டும் வழக்கறிஞர் செயல்படக் கூடாது என்பது இந்திய பார் கவுன்சிலின் விதி. உங்கள் விஷயத்தில் அவர் கேட்டது பெரியக்காவின் பேச்சை. என் பார்வையில் இதை மன்னிக்கவே முடியாது. உங்களிடம் ஒரு வார்த்தை கேட்க அவருக்கு ஒரு போன் போதுமானதாக இருந்திருக்கும். வழக்கறிஞர்கள் சட்டம் 1961இன் 35ஆம் பிரிவின்படி பார் கவுன்சில் அவரைக் கண்டிக்கலாம், தொழில் செய்யத் தடை விதிக்கலாம், வழக்கறிஞர்கள் பட்டியலிலிருந்தே பெயரை நீக்கலாம். நுகர்வோர் நீதிமன்றத்துக்கு அலையாதீர்கள். வழக்கறிஞர் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அடுத்த வாய்தாவுக்கு முன்பே மனு உள்ளே போய்விட வேண்டும். தெரிந்த பிறகும் பேசாமல் இருந்தீர்கள் என்றால், அந்த மௌனத்தையே சம்மதம் என்று எதிர்த்தரப்பு வாதிடும். இன்றே தம்பிக்கும் நடந்ததை எழுதி, ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். விஷயம் தெரிந்தவுடன் நீங்கள் மறுத்தீர்கள் என்பதற்கு அந்த ரசீதின் தேதி சாட்சியாக நிற்கும்.