கோலாலம்பூரில் முதல் வீடு: ரூமா, கொண்டோவா, தரை வீடா?

நான் கோலாலம்பூரின் செந்தூல் பகுதியில் பிறந்து வளர்ந்தவள். ஊரிலிருந்து வேலைக்கு வருகிறவர்களுக்கு வீடு பார்க்கப் பல வருடங்களாகத் துணைக்குப் போகிறேன். வந்திருக்கும் கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

அக்கா, அடுத்த மாதம் கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையம் பக்கம் வேலையில் சேர்கிறேன். தனி ஆள். சேலத்தில் இருந்தபடியே ஒரு வருடத்துக்குக் கொண்டோ (அடுக்குமாடி வீடு) பேசி முடித்துவிடலாமா?

வேண்டாம் தம்பி. முதல் இரண்டு மூன்று மாதம் ரூம் எடுத்துத் தங்குங்கள். மாஸ்டர் ரூம் என்றால் குளியலறை உள்ளேயே இருக்கும். சிங்கிள் ரூமில் கட்டிலும் அலமாரியும் போட்டால் இடம் தீர்ந்துவிடும். ஹாலைப் பலகையால் தடுத்து, ஜன்னலே இல்லாமல் ரூம் என்று விடுவார்கள். எவ்வளவு மலிவாக இருந்தாலும் அது வேண்டாம்.

ஏன் அவசரப்படக் கூடாது என்கிறேன் என்றால், இங்கே வீட்டைவிட வீட்டுக்குப் போகும் வழி முக்கியம். ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு கொண்டோ பார்க்கப் போனேன். மேப்பில் ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடை. நேரில் போனால் நடுவில் நெடுஞ்சாலை, நடைபாலம் எங்கேயோ தள்ளி. சுற்றிக்கொண்டு போய்ச் சேர இருபத்தைந்து நிமிடம் ஆனது, அதற்குள் மழையும் பிடித்துக்கொண்டது. அதனால் வேலை முடிந்து வரும் அதே நேரத்தில் ஒருமுறை நடந்து பாருங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் உங்களுக்கு நடக்கிற தூரம், சாப்பாட்டுக் கவலையும் இல்லை, ஆனால் வாடகை கூடுதல். செந்தூலில் குறையும். கே.டி.எம். என்கிற புறநகர் ரயில் நேராக சென்ட்ரல் போகும், அடிக்கடி வராது, அவ்வளவுதான்.

கோவையிலிருந்து குடும்பத்தோடு வருகிறோம். மாமியாரும் இரண்டு வயதுக் குழந்தையும் உண்டு. கொண்டோ நல்லதா, தரை வீடா?

கார் வாங்கப் போகிறீர்களா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். தரை வீடுகள் பெரும்பாலும் தாமான் எனும் குடியிருப்புப் பகுதிகளுக்குள்ளே இருக்கும். கார் இல்லாமல் பால் வாங்குவதுகூடச் சிரமம். கார் உண்டென்றால் தரை வீடு சுகமானது: வாசலில் கோலம் போடலாம், பின்னால் துணி காயப் போடலாம், மாமியாருக்குப் பேச அக்கம்பக்கம் இருக்கும்.

கார் இல்லையென்றால் ரயிலுக்குப் பக்கத்தில் கொண்டோ பாருங்கள். சர்வீஸ் ரெசிடென்ஸ் என்று விளம்பரம் செய்தால் கவனம். பல இடங்களில் வணிக நிலத்தில் கட்டியிருப்பார்கள், கரண்டு, தண்ணீர் கட்டணம் கூடலாம். சமையலறையில் மின் அடுப்பு மட்டும் இருக்கும், கேஸ் சிலிண்டர் வைக்க விடமாட்டார்கள். தினமும் தோசை வார்க்கிற வீட்டுக்கு அது சரிவராது. பழைய ஐந்து மாடி ஃபிளாட்டுகளில் லிஃப்ட் இருக்காது, மாமியாரின் முழங்காலை நினைத்துக்கொள்ளுங்கள்.

வீடு பார்க்கப் போனால் ஹாலில் நின்று சோபாவைப் பார்க்காதீர்கள். நேராகச் சமையலறைக்குப் போய் குழாயைத் திறந்து, அதே நேரம் குளியலறை ஷவரையும் திறக்கச் சொல்லுங்கள். தண்ணீர் நூலாகிப் போனால் தினமும் அதே கதைதான். தாளித்தால் புகை போக வழி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வாடகை 1,800 ரிங்கிட். ஏஜென்ட் 6,300 கேட்கிறார். ஏமாற்றுகிறாரா?

கணக்கு சரிதான். இரண்டு மாத டெபாசிட் 3,600, கரண்டு, தண்ணீருக்கு டெபாசிட்டாக அரை மாத வாடகை 900, முதல் மாத வாடகை 1,800. இதுதான் இங்கே வழக்கம். நுழைவு கார்டு, சாவிக்குத் தனியாகக் கேட்கலாம்.

ஆனால் ஏஜென்ட்டின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, சரிபார்த்த பிறகுதான் பணம். அதையும் தனி ஆள் கணக்கில் போடாதீர்கள், நிறுவனத்தின் கணக்கில் போடுங்கள். என் சொந்தக்காரப் பெண் ஒருத்தி வாட்ஸ்அப்பில் படம் பார்த்தே முன்பணம் அனுப்பினாள். பெட்டியோடு வந்து கதவைத் தட்டினால் உள்ளே வேறு குடும்பம். அந்தப் பணம் திரும்பவே இல்லை.

ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் வழக்கு என்று வந்தால் அந்தக் காகிதம் உதவாது. வேலை மாறி நாடு திரும்ப நேர்ந்தால் இடையில் காலி செய்ய வழிவிடும் ‘டிப்ளமாட்டிக் கிளாஸ்’ என்ற ஷரத்தைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். சாவி வாங்கும் அன்றே மீட்டர் எண்ணோடு வீடு முழுக்க வீடியோ எடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள்.

ஃபோனில் “இந்தியர்களுக்கு இல்லை” என்று வைத்துவிடுகிறார்கள். மனம் விட்டுப்போகிறது.

இங்கேயே பிறந்த நாங்களும் அதைக் கேட்டிருக்கிறோம். அது வலிக்கத்தான் செய்யும், உங்களிடம் குறை எதுவும் இல்லை. முதல் பேச்சிலேயே தமிழர், வீட்டில் சமைப்போம் என்று சொல்லிவிடுங்கள். மறைத்துக் குடிபோனால் தினமும் பயந்து பயந்து தாளிக்க வேண்டியிருக்கும். செந்தூல், பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் நம்மவர்களே உரிமையாளர்களாக நிறைய இருக்கிறார்கள். வேலைக் கடிதத்தோடு நேரில் போய்ப் பேசுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறோம். வாடகை கொடுப்பதற்குப் பதில் வாங்கிவிட்டால்?

கோலாலம்பூரில் வெளிநாட்டவர் பொதுவாக 10 லட்சம் ரிங்கிட்டுக்குக் குறைந்த வீட்டை வாங்க முடியாது. இப்போதைக்கு வாடகைதான்.

அக்கா, மிக்ஸி, கிரைண்டர் கொண்டு வரலாமா?

தாராளமாக. மின்னழுத்தம் கிட்டத்தட்ட ஒன்றுதான், பிளக் மட்டும் பொருந்தாது. இங்கே மூன்று தட்டைக் கால் பிளக். ஹார்டுவேர் கடையில் வாங்கி மாற்றிக்கொள்ளலாம்.