மழைக்காலக் காய்ச்சலும் மற்ற கிருமிகளும்: கேள்வி பதில்

சென்னையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் நுண்ணுயிரியல் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவள் நான். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த கையோடு வந்த கேள்விகள் இவை. பாதி காய்ச்சல்தான். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே யாருக்கும் மருந்து எழுதித் தர மாட்டேன். என்ன கிருமி, எந்த சாம்பிள், எந்த நாளில் எடுக்க வேண்டும், அதுவரைதான் என் எல்லை.

வேளச்சேரி வாசகி: மூணாவது நாள் காய்ச்சல்ல வைடால் டெஸ்ட் பாசிட்டிவ்னு வந்துச்சு மேடம். டைஃபாய்டுன்னு மாத்திரை கொடுத்தாங்க, சரியாயிடுச்சு. ஒரு மாசம் கழிச்சு எடுத்தா இன்னும் பாசிட்டிவ். உள்ளயே இருக்கா?

இந்தக் கேள்வி வராத வாரமே கிடையாது. வைடால் தேடுவது சால்மோனெல்லா டைஃபி என்ற பாக்டீரியாவை அல்ல, அதற்கு எதிராக உங்கள் உடம்பு உண்டாக்கிய எதிர்ப்புப் புரதங்களை. அவை அளவில் ஏற ஒரு வாரமாவது ஆகும். மூன்றாம் நாள் பாசிட்டிவ் என்றால் அது எப்போதோ வந்த தொற்றின் மிச்சமாக இருக்கலாம், வேறு சால்மோனெல்லாவாகவும் இருக்கலாம். நம் ஊரில் ஆரோக்கியமாக நடமாடுகிறவர்களுக்கே 1:80 காட்டுவது, அதாவது ரத்த நீரை எண்பது மடங்கு நீர்க்கச் செய்தும் பாசிட்டிவாக வருவது உண்டு. குணமான பிறகும் மாதக்கணக்கில் பாசிட்டிவாக நிற்கும். அதனால் மறுபடி எடுத்துப் பார்த்ததில் பயனே இல்லை, காசுதான் செலவு.

1896-இல் வந்த டெஸ்ட் அது. அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். இன்றைக்கு டைஃபாய்டை உறுதி செய்ய வேண்டுமென்றால் பிளட் கல்ச்சர், அதாவது ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை. முதல் வாரத்தில், ஆன்டிபயாட்டிக்கின் முதல் வேளைக்கு முன்னால் எடுக்க வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம். "இவ்ளோ ரத்தமா?" என்று கையை இழுத்துக்கொள்கிறவர்கள் நிறைய. ஆனால் டைஃபாய்டில் ஒரு மில்லி ரத்தத்தில் ஓரிரு கிருமி இருந்தாலே பெரிது, அளவு குறைந்தால் தப்பிவிடும். பாட்டில் மெஷினுக்குள் போய், கிருமி வளர்ந்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் சிக்னல் கொடுக்கும். ஒரு சொட்டை ஸ்லைடில் வைத்து கிராம் ஸ்டெயின் என்ற சாயம் போட்டால் இளஞ்சிவப்புக் குச்சிகள் தெரியும். அதைவிட முக்கியம், எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று அப்போதுதான் தெரியும். ஒரு காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்த சிப்ரோஃப்ளாக்சசினுக்கு இங்கே டைஃபாய்டு கிருமி இப்போது பெரும்பாலும் மசிவதில்லை.

வண்டலூர் வாசகர்: அப்பாவுக்கு எட்டு நாளா காய்ச்சல். டெங்கு, மலேரியா, டைஃபாய்டு எல்லாமே நெகட்டிவ். புது டாக்டர் ஒருத்தர் சட்டையெல்லாம் கழட்டச் சொல்லித் தேடி, இடுப்புல ஒரு கறுப்புப் பொருக்கைக் காட்டி ஸ்க்ரப் டைஃபஸ்னு சொன்னார். அதைப் பார்த்தே சொல்ல முடியுமா?

அந்த டாக்டரை விட்டுவிடாதீர்கள். உண்ணிக் காய்ச்சல் என்று பத்திரிகைகளில் படித்திருப்பீர்களே, அதுதான். புதர், புல் பக்கம் இருக்கும் மிகச் சின்ன உண்ணியின் குஞ்சு கடித்து ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்ற பாக்டீரியா உடம்பில் ஏறுகிறது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் நடுவில் கறுப்பு, ஓரத்தில் சிவப்பு. வலிக்காது, அரிக்காது. அதனால் நோயாளிக்கே தெரிவதில்லை. அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடியில், அரைஞாண் கயிறு கட்டும் இடம், இங்கெல்லாம் தேட வேண்டும். எல்லோருக்கும் பொருக்கு வருவதில்லை. வந்தால் அது கையில் கிடைத்த சாட்சி.

இந்தக் கிருமி உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே வளரும். ஆகவே சாதாரண கல்ச்சரில் எத்தனை நாள் வைத்தாலும் "வளர்ச்சி இல்லை" என்றுதான் ரிப்போர்ட் வரும். எட்டாம் நாள் என்பதால் ஐ.ஜி.எம் எலைசா, அதாவது புதுத் தொற்றில் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் புரதத்தைத் தேடும் சோதனை, இப்போது பயன்படும். பொருக்கிலிருந்து கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர் செய்யலாம். பென்சிலின், செஃப்ட்ரியாக்சோன் வகை ஊசிகள் இதன்மேல் வேலை செய்யாது. டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். அப்பாவிடமிருந்து வீட்டில் மற்றவர்களுக்குத் தொற்றாது.

எம்.பி.பி.எஸ் மாணவர்: மேடம், பாக்டீரியா, வைரஸ், ஃபங்கஸ், ஒட்டுண்ணி எல்லாம் தலைக்குள்ள ஒண்ணா கலந்து கிடக்கு. எக்ஸாம் நெருங்குது. எப்படி ரிவைஸ் பண்றது?

தம்பி, குடும்பம் குடும்பமாகப் படித்தது போதும். இனி சாம்பிளை வைத்துப் படியுங்கள். மூளைத் தண்டுவட நீர் ஒரு குப்பியில் வந்திருக்கிறது. பிறந்த குழந்தையா? குரூப் பி ஸ்ட்ரெப், ஈ. கோலை, லிஸ்டீரியா. நல்ல வாட்டசாட்டமான வாலிபனா? நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ். எச்.ஐ.வி உள்ளவரா? கிரிப்டோகாக்கஸ், அதாவது ஃபங்கஸ். இந்தியா இங்க் என்ற கறுப்பு மையில் கலந்து பார்த்தால் கறுப்புப் பின்னணியில் வெள்ளை வளையம். மூன்று வாரமாக இழுக்கிறதா? டி.பி. நீர் தெளிவாக இருக்கிறது, லிம்ஃபோசைட் என்ற வெள்ளை அணு அதிகம், சர்க்கரை குறையவில்லையா? வைரஸ். ஒரே குப்பியில் மூன்று பாடம் முடிந்தது. மலத்துக்கும் சளிக்கும் இதையே செய்யுங்கள், அங்கே ஒட்டுண்ணிகளும் வந்து சேரும்.

பிராக்டிகலில் பலர் கோட்டை விடுவது கிராம் ஸ்டெயினின் மூன்றாம் படி. கிரிஸ்டல் வயலட், அயோடின், பிறகு ஆல்கஹால். வழியும் ஊதா நின்றதும் உடனே தண்ணீர் விட வேண்டும். கொஞ்சம் கூடுதலாக விட்டால் ஸ்டஃபிலோகாக்கஸே சிவப்பாக நிற்கும், வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், திரு திரு என்று முழிக்க வேண்டியதுதான்.

இன்னொன்று, சென்னையில் படிப்பதால் சொல்கிறேன். 1903-இல் சார்லஸ் டோனவன் காலா அசார் என்ற கருங்காய்ச்சலின் ஒட்டுண்ணியைப் பார்த்தது இந்த ஊரில்தான். 1986-இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி தொற்றுகளை சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் வெளிக்கொண்டு வந்ததும் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜிலிருந்துதான். வைவாவில் யாராவது கேட்டால் பெருமையாகச் சொல்லுங்கள்.

மயிலாப்பூர் வாசகி: பையனுக்கு வலிப்பு வந்து ஸ்கேன் எடுத்தோம். மூளையில நாடாப்புழுக் கட்டின்னு சொல்றாங்க. நாங்க தலைமுறை தலைமுறையா சைவம். எப்படி?

சைவக் குடும்பங்களில் இதைத் தாராளமாகப் பார்க்கிறோம் அம்மா. சரியாக வேகாத பன்றிக்கறி தின்றால் குடலில் முழு நாடாப்புழு வளரும். மூளையில் கட்டி வருவது வேறு வழி. குடலில் புழு உள்ள ஒருவரின் மலத்தோடு வெளியேறிய முட்டை, நம் வாய்க்குள் போக வேண்டும். கழுவாத கொத்தமல்லி, பச்சை வெங்காயம், கை கழுவாமல் சமைத்தவர் கொடுத்த பண்டம், எதுவும் போதும். நாடாப்புழு மருந்துதானே என்று அல்பெண்டசோலை நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். கட்டி சாகும்போது சுற்றிலும் வீக்கம் வந்து வலிப்பு கூடலாம். நரம்பியல் டாக்டர் ஸ்டீராய்டோடு சேர்த்து, வேளை பார்த்துத்தான் தொடங்குவார். மூளையில் டி.பி. கட்டியும் ஸ்கேனில் இதே மாதிரி தெரியும் என்பதால் அதையும் விலக்கிவிட்டுத்தான் போவார்கள்.

ராயபுரம் வாசகர்: தொடை இடுக்குல படர்தாமரை. மெடிக்கல்ல க்ரீம் வாங்கிப் போட்டா நாலு நாள்ல மறையுது, நிறுத்தினா ரெண்டு மடங்கா வருது.

அந்த ட்யூபின் பின்பக்கம் படியுங்கள். குளோபெட்டசோல், பீட்டாமெத்தசோன் என்று எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு. அரிப்பையும் சிவப்பையும் அடக்கிவிட்டு, ஃபங்கஸை நிம்மதியாகப் படர விடும். இப்போது பரவலாக இருக்கும் டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்ற வகை, டெர்பினஃபைன் மாத்திரைக்கே சில பேரிடம் அசைவதில்லை. க்ரீமை நிறுத்திவிட்டுத் தோல் டாக்டரிடம் போங்கள். அவர் தடிப்பின் ஓரத்திலிருந்து சுரண்டி அனுப்பினால், நாங்கள் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து இழை இருக்கிறதா என்று பார்த்துவிடுவோம்.

அம்பத்தூர் வாசகி: மெட்ராஸ் ஐ வந்தவங்களைப் பார்த்தாலே ஒட்டிக்குமா?

ஒட்டாது. கையும் துண்டும் தலையணையும்தான் காரணம். பெரும்பாலும் அடினோ வைரஸ், தானாகவே அடங்கும். வீட்டில் கிடக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை மட்டும் தொடாதீர்கள்.

சிந்தாதிரிப்பேட்டை வாசகர்: மலேரியா சரியாகி மூணு மாசத்துல திரும்ப வந்துடுச்சு. மறுபடி கொசு கடிச்சிருக்குமா?

கடித்திருக்கலாம். ஆனால் சென்னையில் அதிகம் வருவது வைவாக்ஸ் என்ற மலேரியா வகை. அது கல்லீரலுக்குள் பதுங்கிக்கொண்டு மாதங்கள் கழித்துத் தலைகாட்டும். ரத்தத்தில் உள்ளதைக் கொல்லும் மாத்திரை வேறு, பதுங்கியதைக் கொல்லும் பிரைமாகுவின் வேறு. 14 நாளும் முடித்தீர்களா என்று யோசியுங்கள். தொடங்கும் முன் ஜி6பி.டி என்ற நொதியின் குறைபாடு பார்ப்பது நல்லது, அது இருந்தால் இந்த மாத்திரையால் ரத்தச் சிவப்பணுக்கள் உடையும். மாடியில் மூடாத தண்ணீர் டேங்க் இருந்தால் அதையும் மூடுங்கள், இந்த ஊர் மலேரியாக் கொசு அங்கேதான் முட்டையிடும்.

போரூர் வாசகர்: பொண்ணுக்கு ஆறாம் நாள். டெங்கு என்.எஸ்.1 நெகட்டிவ். காய்ச்சலும் இறங்கிடுச்சு. ஸ்கூலுக்கு அனுப்பலாமா?

வேண்டாம் சார். என்.எஸ்.1 என்பது டெங்கு வைரஸின் புரதம், முதல் ஐந்து நாளில்தான் நம்பகமாகத் தெரியும். ஆறாம் நாள் ஐ.ஜி.எம் பார்க்க வேண்டும். டெங்கில் காய்ச்சல் இறங்கும் அந்த ஒன்றிரண்டு நாள்தான் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும் நேரம். வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல், ஏதாவது ஒன்று தெரிந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். இன்றைக்கே ரத்த அணுக்கள் எண்ணிக்கையும் ரத்தம் எவ்வளவு கெட்டியாகியிருக்கிறது என்று காட்டும் ஹீமடோகிரிட்டும் எடுங்கள். வலிக்கென்று இப்யூப்ரோஃபென் கொடுக்காதீர்கள்.