ஓடாத குதிரை

*அன்புள்ள ஐயா, பந்தயக் குதிரை வரைந்து பழகுகிறேன். போட்டோவைப் பார்த்துக் கால்களை அச்சு அசலாக வரைந்தும் குதிரை நின்றுகொண்டே இருக்கிறது. கால்களை மங்கலாக்கலாமா? அக்ரிலிக் நல்லதா, எண்ணெய் வண்ணமா? படத்தை இணைத்திருக்கிறேன்.*
*– ஒரு வாசகி, பாயான் லெப்பாஸ்*

அன்புள்ள தங்கைக்கு,

வண்ணம் எதுவானாலும் சரி. மங்கலாக்க வேண்டாம், சேறு பூசியதுபோல் ஆகிவிடும்.

பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ 1821இல் வரைந்த, இங்கிலாந்தின் எப்சம் பந்தயப் படத்தில் குதிரைகள் முன்கால்களை முன்னேயும் பின்கால்களைப் பின்னேயும் நீட்டிப் பறக்கும். 1878இல் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் கலிபோர்னியாவில் கேமராக்களை வரிசையாக வைத்து எடுத்த படங்கள் அது தப்பு என்று காட்டின. நான்கு குளம்பும் தரையைவிட்டு எழுவது, கால்கள் வயிற்றுக்கடியில் கூடும்போதுதான். ஆனாலும் ஜெரிக்கோவின் குதிரைகள் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. கால் சரியாக இருக்கும் உங்கள் குதிரை ஏன் ஓடவில்லை?

என் அப்பா பினாங்கின் பத்து கந்தோங் பந்தயத் திடலில் குதிரைக்காரர். விடியுமுன் என்னை வேலியோரம் நிறுத்திவிட்டுப் போவார். இருட்டில் குதிரை தெரியாது, மூச்சுதான் முதலில் வரும். பர்ர், பர்ர் என்று, பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு. ஓடும் குதிரை அப்படித்தான் மூச்சு விடும். "காலைப் பாக்காதடா, கழுத்தைப் பாரு" என்பார். வெளிச்சம் வந்ததும் பார்ப்பேன். ஜாக்கி அங்கவடியில் எழுந்து நிற்பார், சேணத்தில் உட்காரமாட்டார். முதுகு மேசைபோல் அசையாது. குதிரையின் கழுத்து முன்னே போனால் அவர் கைகளும் கூடவே போகும், கழுத்து பின்னே வந்தால் கைகளும் பின்னே வரும்.

உங்கள் ஜாக்கியோ கடிவாளத்தை மார்போடு இழுத்துப் பிடித்திருக்கிறார். அந்தப் போட்டோ பந்தயம் முடிந்து குதிரையை அடக்கும்போது எடுத்தது, அம்மா! தலை தூக்கி, கழுத்து விறைத்து நிற்பதைப் பார்த்தாலே தெரிகிறதே. நிறுத்தச் சொல்லும் கைகளை வரைந்துவிட்டு, ஏன் ஓடவில்லை என்று என்னைக் கேட்கிறீர்கள். ஒரு குதிரையையாவது அரை மணி நேரம் நேரில் பார்த்திருந்தால் இது நடந்திருக்குமா? எனக்குக் கோபம்கூட இல்லை, வருத்தம்தான். உங்கள் கோடு அவ்வளவு நன்றாக இருக்கிறது.

சீன ஓவியர் ஷு பெய்ஹொங் 1941இல் நம் பினாங்கில் தங்கியிருந்தபோதுதான், சீனாவில் நடந்த சாங்ஷா போரை நினைத்து மனம் வெந்து அந்தப் பாயும் குதிரையை வரைந்தார். பிடரியும் வாலும் வெறும் மை வீச்சுகள், ஆனாலும் அது ஓடுகிறது.

பத்து ஃபெரிங்கி கடற்கரை மணலில் சவாரிக் குதிரைகள் நிற்கும். போனைப் பையில் போட்டுவிட்டு, ஒரு காலைப்பொழுது முழுக்கக் கழுத்தை மட்டும் பாருங்கள். அப்புறம் ஜாக்கியின் கைகளைத் திருத்தி எனக்கு அனுப்புங்கள். கால்களைத் தொடாதீர்கள்.