லடாக்கின் உறைந்த குளத்திலிருந்து ஒரு தேசிய அணி

கேள்வி: ஐஸ் ஹாக்கியில் இந்தியாவுக்குத் தேசிய மகளிர் அணி உண்டா? அவர்கள் எங்கே பயிற்சி பெறுகிறார்கள்?

பதில்: உண்டு. அணியில் பெரும்பாலோர் லடாக்கைச் சேர்ந்த பெண்கள். குளிர்காலத்தில் வெப்பநிலை பூஜ்யத்துக்கும் வெகு கீழே இறங்கும் இரவுகளில், உறைந்த குளத்தின் மீது வாளி வாளியாக நீர் ஊற்றிக் கீறல்களை நிரப்பி, மறுநாள் விடியற்காலையில் வழவழப்பாகிவிட்ட அந்தத் தரையில்தான் இவர்கள் ஆடக் கற்றுக்கொண்டார்கள். அதுவும் ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு மாதங்களே கிடைக்கும். நண்பகல் வெயில் ஏறினால் பனிக்கட்டி இளகத் தொடங்கிவிடும்.

2016இல் தைபேயில் நடந்த ஆசியச் சவால் கோப்பைப் போட்டியில் முதன்முறையாகச் சர்வதேசக் களம் கண்ட இந்த அணி, அடுத்த ஆண்டு பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4-3 என்ற கணக்கில் வீழ்த்தித் தன் முதல் வெற்றியைப் பெற்றது. ஆண்டு முழுவதும் உள்ளரங்கில் பயிற்சி பெறும் நாடுகளுக்கு எதிராக, காலநிலையின் தயவில் பழகியவர்கள் பெற்ற வெற்றி என்பதால், அதை நான் மிகப் பெரியதாகவே மதிக்கிறேன். 2025இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் நகரில் நடந்த மகளிர் ஆசியக் கோப்பையில் வெண்கலமும் வந்தது.

இந்த ஆட்டத்தில் ஓர் அணிக்கு ஒரே நேரத்தில் கோல்காப்பாளர் உட்பட ஆறு பேர் களத்தில் இருப்பார்கள். வேகம் கடுமையாக உடலை வாட்டுவதால், ஒரு நிமிடத்துக்குள்ளாகவே மாற்று வீராங்கனைகள் இறங்குவார்கள். ஆகவே, தேர்ந்த ஆறு பேர் மட்டும் போதாது. இருபது பேரையாவது ஒரே தரத்தில் வளர்த்தாக வேண்டும். அதற்கு ஆண்டு முழுவதும் உறைந்திருக்கும் செயற்கைப் பனித்தரைகள் இன்றியமையாதவை.