பழைய பேனல் வேனில் படுக்கை போட நினைப்பவருக்கு: சோலாரை அப்புறம் பார்க்கலாம்

சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டும் தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். "அண்ணே, மளிகைச் சாமான் ஏற்றிக்கொண்டிருந்த பழைய நிசான் வனெட் பேனல் வேன் ஒன்றை வாங்கிவிட்டேன். பங்குனி உத்திரத்துக்கு மாரான் முருகன் கோயிலுக்குப் போகவும், லீவில் கேமரன் மலை ஏறவும், நானும் மனைவியும் உள்ளேயே படுத்துக்கொள்ளும்படி செய்ய ஆசை. கையில் 8,000 வெள்ளி இருக்கிறது. வீடியோவில் காட்டுவது போல சுவர் முழுக்கப் பஞ்சு வைத்துப் பலகை அடித்து, கூரையில் சோலார், உள்ளே அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ் என்று வரைந்து வைத்திருக்கிறேன். முதலில் எதை வாங்கட்டும்? அப்பா அம்மாவும் வருகிறார்கள், அவர்கள் பின்னால் படுத்துக்கொண்டே வரலாம்."

தம்பி, முதலில் எதையும் வாங்காதீர்கள். அந்த வீடியோக்களில் பெரும்பாலானவை பனி கொட்டும் ஊரில் எடுத்தவை. அங்கே வேனுக்குள் இருக்கும் சூடு வெளியே போய்விடக் கூடாது என்பதுதான் அவர்கள் கவலை, அதற்காகத்தான் அவ்வளவு பஞ்சும் பலகையும். நமக்குப் பகலில் கூரைத் தகடு அடுப்புக் கல் மாதிரி கொதிக்கும், சாயங்காலம் நாலு மணிக்கு மழை பிடித்துக்கொள்ளும், ராத்திரி காற்றே இருக்காது, கொசு மட்டும் இருக்கும். வெயில், மழை, புழுக்கம் மூன்றையும் சமாளித்துவிட்டால் மீதியெல்லாம் சின்ன வேலை.

அதனால் முதல் செலவு துருவுக்கு. தரையில் கிடக்கும் ரப்பர் பாயை முழுசாகக் கழற்றி வெளியே போடுங்கள். சாமான் ஏற்றிய வேன் என்றால் உப்பு மூட்டையும் மீன் பெட்டியும் ஒழுகியிருக்கும், பாய்க்கு அடியில் என்ன நடந்திருக்கிறது என்று விற்றவருக்கே தெரிந்திருக்காது. பின் சக்கரத்தின் மேல் வளைவு, கதவுகளின் அடி விளிம்பு, முன் கண்ணாடி ரப்பரின் கீழ் மூலைகள், இந்த இடங்களில் ஸ்குரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். பெயின்ட் மட்டும் உப்பியிருந்தால் கம்பி பிரஷ், துரு மாற்றும் திரவம், பிரைமர், பெயின்ட் போதும். முனை உள்ளே போய்விட்டால் தகடு வெட்டி வெல்டிங் வைக்க வேண்டும், அதைப் பலகை அடிப்பதற்கு முன்னால் செய்தால்தான் உண்டு. கதவின் அடியில் தண்ணீர் வடிய சின்ன ஓட்டைகள் இருக்கும், அவை மண் அடைத்திருந்தால் கம்பியால் குத்தித் திறந்து விடுங்கள்.

அடுத்து மழைச் சோதனை. கூரை ஓரத்தில் இரண்டு பக்கமும் நீளமாக ஒரு வாய்க்கால் ஓடுகிறதே, அதற்குள் தகடும் தகடும் சேரும் இடத்தில் பூசியிருக்கும் பசை வருஷக்கணக்கில் வெயில் பட்டு வெடித்திருக்கும். கிட்டப் போய்ப் பார்த்தால் நூல் மாதிரி ஒரு கீறல் தெரியும், அதன் ஓரத்தில் பழுப்புக் கறை. ஒருவர் வெளியே நின்று கூரை மேல் அரை மணி நேரம் ஹோஸ் பிடிக்கட்டும், நீங்கள் டார்ச்சோடு உள்ளே உட்காருங்கள். தண்ணீர் நுழைகிற இடம் ஒன்று, சொட்டுகிற இடம் வேறு என்று இருக்கும், அதனால் ஈரக் கோட்டைப் பின்தொடர்ந்து மேலே போய் அடையாளம் வையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு பழைய பசையைச் சுரண்டி எடுத்து, பாலியூரிதேன் சீலன்ட் பூசி, மேலே பெயின்ட் அடியுங்கள். குளியலறைக்கு அடிக்கும் சிலிக்கான் வேண்டாம், அதன் மேல் பெயின்ட் ஒட்டாது.

சரி, பஞ்சு. ராக்வுல் மாதிரி ஈரம் உள்ளே புகுந்து தங்கும் எதையும் நம் ஊரில் சுவருக்குள் அடைக்க வேண்டாம். இரண்டு பேர் இரவு முழுக்கத் தூங்கினால் மூச்சிலும் வியர்வையிலும் அரை லிட்டர் அளவுக்கு ஈரம் காற்றில் கலக்கும், கேமரன் குளிரில் அது கூரைத் தகட்டின் உள்பக்கம் முத்து முத்தாகப் படியும். அது பஞ்சுக்குள் இறங்கினால் வெளியே வர வழியில்லை, பலகைக்குப் பின்னால் பூசணமும் துருவும் சேர்ந்து வளரும். ஈரம் உள்ளே புகாதபடி ஒவ்வொரு குமிழும் தனித்தனியாக மூடியிருக்கும் ஃபோம் (closed-cell), ஒரு பக்கம் அலுமினியத் தாள் ஒட்டியது, கூரையில் மட்டும் இடைவெளி இல்லாமல் ஒட்டினால் போதும். கூரையின் வெளிப்பக்கத்தை வெள்ளையாக அடியுங்கள், அதற்கு ஆகும் செலவும் கொஞ்சம்தான்.

அதைவிடப் பெரிய விஷயம் காற்று. உங்கள் வேனின் பின்கதவு மேல்நோக்கித் திறக்கும், அதுவே ஒரு கூரை. அந்த வாய் முழுவதற்கும், பக்கக் கதவுக்கும், ஓரத்தில் காந்தம் தைத்த கொசுவலை ஒவ்வொன்று தைத்துக்கொள்ளுங்கள். தலைமாட்டில் 12 வோல்ட் ஃபேன் ஒன்று காற்றை ஒரு பக்கத்திலிருந்து இழுத்து மறுபக்கம் தள்ள வேண்டும். கூரையை வெட்டி ஃபேன் பதிப்பதற்கு இந்த வேனில் அவசியம் இல்லை, நன்றாக இருக்கும் தகட்டில் ஓட்டை போட்டு மழையை நாமே உள்ளே கூப்பிட வேண்டாம். இன்னொன்று, இந்த வேனின் எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. நாலைந்து மணி நேரம் ஓட்டி வந்து நிறுத்தியதும் அந்தச் சூடு பின்னால்தான் வரும், அதனால் படுப்பதற்கு முன் எல்லாக் கதவையும் திறந்து ஆற விடுங்கள்.

பலகைக்கு வருவோம். வேன் பக்கவாட்டில் BTM, BDM என்று இரண்டு எண் எழுதியிருக்கும்: BTM வெறும் வேனின் எடை, BDM சுமையோடு சேர்த்து அனுமதித்த எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குள்தான் நீங்கள், மனைவி, பலகை, பேட்டரி, தண்ணீர், துணிமணி எல்லாம் அடங்க வேண்டும். நாலுக்கு எட்டு அடி, 18 மில்லிமீட்டர் பிளைவுட் ஒரு தாளே ஏறத்தாழ 30 கிலோ, 9 மில்லிமீட்டர் அதில் பாதி. சுவருக்கும் கூரைக்கும் பலகையே வேண்டாம். கட்டிலுக்கு அலுமினியச் சட்டம் போட்டு மேலே 9 மில்லிமீட்டர் பலகை வைத்தால் கெட்டியாகவே இருக்கும். ஈரம் தாங்கும் பசையில் செய்த பிளைவுட் என்று கேட்டு வாங்குங்கள், வெட்டிய ஓரங்களுக்கு வார்னிஷ் கட்டாயம், தண்ணீர் முதலில் குடிப்பது ஓரம்தான். நம் பக்கம் ரப்பர் மரப் பலகை சுலபமாகக் கிடைக்கும். மடக்கு மேசைக்கு அது அழகு, ஆனால் பதப்படுத்தாத ரப்பர் மரத்தைப் பூச்சியும் பூசணமும் விடாது, தரைக்குப் போடாதீர்கள்.

எல்லாவற்றையும் போல்ட் கழற்றினால் வெளியே வந்துவிடும்படி செய்யுங்கள் என்பதுதான் நான் அழுத்திச் சொல்வது. கட்டில் ஒரு பெட்டி, சமையல் சாமான் ஒரு பெட்டி. பின்னால் துரு பார்க்க வேண்டுமானால் கழற்றலாம், தோட்டத்தில் யாருக்காவது வீடு மாற்றச் சாமான் ஏற்ற வேண்டுமானாலும் கழற்றலாம். ஜன்னல் வெட்டுவது, கூரையை உயர்த்துவது, சீட் எண்ணிக்கையை மாற்றுவது எல்லாம் வண்டியின் அமைப்பையே மாற்றுகிற வேலை. அதற்கு முன்கூட்டியே ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதி வாங்கி, பரிசோதனைக்குக் கொண்டுபோய், கிரான் என்ற வண்டிப் பதிவுப் பத்திரத்திலும் மாற்ற வேண்டும். கழற்றும் பெட்டியாக இருந்தாலும் கிரானை எடுத்துக்கொண்டு பக்கத்து ஜேபிஜே கிளையில் வரைபடத்தைக் காட்டிக் கேட்டுவிடுங்கள், இன்சூரன்ஸ்காரருக்கும் சொல்லிவிடுங்கள். விபத்து என்று வந்த பிறகு சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

கரண்ட் விஷயத்தில் கணக்குப் போட்டுவிட்டு வாங்குங்கள். 20 வாட் ஃபேன் எட்டு மணி நேரம் ஓடினால் 160 வாட்-மணி, விளக்கும் இரண்டு போன் சார்ஜும் சேர்ந்தால் ஒரு இரவுக்கு 250 என்று வையுங்கள். 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 1,280 வாட்-மணி இருக்கிறது, அதாவது சோலாரே இல்லாமல் நாலு இரவு தாராளமாக ஓடும். ஃபிரிட்ஜ் வைத்தால் நம் வெயிலில் அது மட்டுமே ஒரு நாளைக்கு 500 வரை தின்னும், அப்போதுதான் சோலார் தேவைப்படும். முதல் வருஷம் ஐஸ் பெட்டியோடு போய்ப் பாருங்கள். ஓட்டும்போதே சார்ஜ் ஏற 20 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் ஒன்று போதும், பழைய வேனின் ஆல்டர்னேட்டர் மேல் அதற்கு மேல் சுமை வைக்க வேண்டாம். பேட்டரியை எஞ்சின் சூடும் நேர் வெயிலும் படாத பக்கம் வையுங்கள், இந்த வகைப் பேட்டரிகள் பலவற்றுக்குச் சார்ஜ் ஏற்றும் வெப்ப எல்லை 45 டிகிரிதான்.

ஃபியூஸை பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் மாட்டுங்கள். அதைத் தள்ளி வைத்தால் நடுவில் இருக்கும் வயருக்குப் பாதுகாப்பு இல்லை, தகட்டில் உரசி ஷார்ட் ஆனால் நீங்கள் படுத்திருக்கும் மெத்தைக்கு அடியில் தீ. 240 வோல்ட்டில் ஒரு ஆம்பியர் கூட வராத 200 வாட், 12 வோல்ட்டில் 17 ஆம்பியர் ஆகிவிடும், அதனால் வயர் தடிமனாக இருக்க வேண்டும். ஒற்றைக் கம்பி வயர் வண்டி ஆட்டத்தில் ஒடியும், பல இழை உள்ளதை வாங்குங்கள், தகட்டுத் துளை வழியே போகும் ஒவ்வொரு இடத்திலும் ரப்பர் வளையம் போடுங்கள்.

தண்ணீருக்கு இரண்டு பத்து லிட்டர் கேன். சிங்க் வேண்டாம்.

உள்ளே அடுப்பும் வேண்டாம். கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும், உங்கள் கட்டிலும் தரையோடுதான் இருக்கிறது. மூடிய இடத்தில் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வேறு, அதற்கு மணமே கிடையாது. வேனை விட்டுச் சற்றுத் தள்ளி, வெளியே மடக்கு மேசை போட்டுச் சமையுங்கள். கேஸ் டின்னை 50 டிகிரிக்கு மேல் போகும் இடத்தில் வைக்கக் கூடாது. வெயிலில் மூடி நிறுத்திய வேன் அதைத் தாண்டிவிடும், கோயிலுக்குள் போகும்போது டின்னை உள்ளே விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

கடைசியாக அப்பா அம்மா. பேனல் வேன் சாமான் வண்டியாகப் பதிவானது, முன்னால் இருக்கும் சீட்டில்தான் ஆள் உட்காரலாம். பின்னால் படுத்துக்கொண்டு வருபவருக்கு பெல்ட் இல்லை. திடீர் பிரேக்கில் கட்டில் பெட்டியும் தண்ணீர் கேனும் அவர்களோடு சேர்ந்து முன்னால் வரும், அதுவும் சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் ஏறி இறங்கும் வளைவுகளில் யோசித்துப் பாருங்கள். வயதானவர்கள் காரில் பெல்ட் போட்டு வரட்டும். போய்ச் சேர்ந்த பிறகு ராத்திரி கட்டிலை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, நீங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் கூடாரம் போட்டுக்கொள்ளுங்கள்.