புளியரை எஸ் வளைவில் தெரிந்துவிடும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, நல்ல ஹாட் ஹேட்ச்பேக்குக்குப் பிக்கப், அதாவது மிதித்ததும் பாய்கிற வேகம், மூன்றாவதாகத்தான் வேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கடிதம். சரி, இந்த முறை பக்கம் முழுக்க அதுவே.

கேள்வி: எங்க ஊர்ல வேகமா போற சின்ன கார் எல்லாத்தையும் ஹாட் ஹேட்ச்னு சொல்றாங்க. உண்மையில அது என்ன அண்ணாச்சி?
(கல்லூரி மாணவர், வள்ளியூர்)

பின்பக்கக் கண்ணாடியோடு சேர்த்து டிக்கிக் கதவு மேலே தூக்குகிற சின்ன வண்டிதான் தம்பி ஹேட்ச்பேக். ஸ்விஃப்ட், ஐ20, போலோ எல்லாம் அதில் வரும். அதே வீட்டு வண்டிக்குக் கம்பெனியே நல்ல இன்ஜின் வைத்து, அந்த இன்ஜினுக்குத் தாங்குகிற மாதிரி பிரேக், ஸ்பிரிங், டயர் எல்லாவற்றையும் மாற்றித் தந்தால் அது ஹாட் ஹேட்ச். ஸ்டிக்கரும் சைலன்சர் சத்தமும் இந்தக் கணக்கில் வராது.

இதில் முதல் வண்டி எது என்பதற்கு ஐரோப்பாவில் இன்னும் சண்டை உண்டு. ஆனால் உலகத்துக்கே இந்த ஆசையைக் கிளப்பிவிட்டது ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐதான். 1975-ல் ஃபிராங்ஃபர்ட் கண்காட்சியில் காட்டினார்கள், 1976-ல் விற்பனைக்கு வந்தது. 1.6 லிட்டர் இன்ஜின், 110 குதிரைத்திறன், எடை 800 கிலோ சொச்சம். 5,000 வண்டி விற்றால் போதும் என்று ஆரம்பித்தார்கள், அந்த முதல் தலைமுறை மட்டுமே நாலரை லட்சத்துக்கு மேல் போனது. கட்டம் போட்ட சீட் துணியும், கோல்ஃப் பந்து மாதிரி கியர் குமிழும் குன்ஹில்ட் லில்யெக்விஸ்ட் என்ற பெண் வடிவமைப்பாளர் யோசித்தது. அது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், ஏனென்றால் வண்டி ஓட்டுகிறவன் நாள் முழுக்கத் தொடுகிற இடம் அந்தக் குமிழும் சீட்டும்தானே.

கேள்வி: எனக்கும் எங்க அத்தானுக்கும் ரெண்டு வாரமா வாக்குவாதம். 200 குதிரை இல்லேன்னா அதை ஹாட் ஹேட்ச்னே சொல்லக் கூடாதுங்கிறார் அவர். எடை கம்மியா இருந்தா 100 குதிரையே போதும்கிறேன் நான். நீங்கதான் தீர்ப்புச் சொல்லணும் அண்ணாச்சி.
(அம்பாசமுத்திரம் வாசகர்)

உங்கள் பக்கம்தான் என் ஓட்டு. ஆனால் அத்தான் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

குதிரைத்திறன் எப்போது தெரியும்? நேர் ரோட்டில், ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தால் தெரியும். கயத்தாறு பக்கம் நாற்கரச் சாலையில் ஒரு லாரியைத் தாண்டும்போது ஏழெட்டு நொடி தெரியும். எடை எப்போது தெரியும் என்றால் எப்போதுமே. பிரேக் பிடிக்கும்போது தெரியும், திரும்பும்போது தெரியும், மேடு ஏறும்போது தெரியும், பெட்ரோல் பில்லில் தெரியும், டயர் தேய்மானத்தில்கூடத் தெரியும்.

இந்த வண்டிகள் அநேகமாக எல்லாமே முன் சக்கரம் இழுக்கிறவை. அதாவது முன் டயருக்கு ரெண்டு வேலை: வண்டியை இழுக்கவும் வேண்டும், திருப்பவும் வேண்டும். ஒரு டயருக்குத் தரையில் கிடைக்கிற பிடி ஓர் அளவுதான், அதை ரெண்டு வேலைக்கும் பங்கு போட்டாக வேண்டும். செங்கோட்டையில் இருந்து கேரளாவுக்கு ஏறுகிற மலை ரோட்டில், புளியரை எஸ் வளைவில் ரெண்டாவது கியரில் பாதி திரும்பியிருக்கும்போது, இன்ஜினில் நிறைய சக்தி இருக்கிறதே என்று மிதித்தீர்கள் என்றால் இழுக்கிற வேலை முழுப் பிடியையும் தின்றுவிடும், திரும்புகிற வேலைக்கு மிச்சமே இருக்காது, ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி நேரே போகப் பார்க்கும். 200 குதிரையை முன் சக்கரத்தில் ஒழுங்காகத் தரையில் இறக்க வேண்டும் என்றால் ரெண்டு சக்கரத்துக்கும் சக்தியைப் பங்கு போடுகிற தனி டிஃபரென்ஷியல் வேண்டும், அகல டயர் வேண்டும், பெரிய பிரேக் வேண்டும், இது எல்லாம் சேர்ந்தால் எடை கூடும், எடை கூடினால் இன்னும் சக்தி கேட்கும். கோல்ஃப் ஜிடிஐ இப்போது 265 குதிரையில் வந்து நிற்பது இப்படித்தான். அருமையான வண்டிதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் 1976 வண்டியில் இருந்த அந்த லேசான தன்மை வேறு.

ஜப்பானில் 2017-ல் வந்த ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டைப் பாருங்கள். 1.4 லிட்டர் டர்போ (புகையின் வேகத்தை வைத்தே இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்துகிற அமைப்பு), 140 குதிரை, எடை 970 கிலோ. இங்கே நம் தெருவில் ஓடுகிற ஸ்விஃப்ட்டின் உடன்பிறப்பு அது. அந்த 970 கிலோதான் என் பதில்.

இப்போது என் வரிசையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், டயர் மூன்றும் சேர்ந்து ரோட்டைப் பற்றி நம்மிடம் சொல்ல வேண்டும். ஈரம் இருக்கிறதா, மணல் கிடக்கிறதா, டயர் பிடிப்பு விடப் போகிறதா என்பது கைக்கும் இடுப்புக்கும் முன்கூட்டியே தெரிய வேண்டும். ரெண்டாவது பிரேக். ஒரே மாதிரி, எத்தனை தடவை மிதித்தாலும் பெடல் பள்ளமாகப் போகாமல் பிடிக்க வேண்டும். பிக்கப் அதற்கு அப்புறம்தான்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பல வருஷம் முன்னால், சாரல் விழுகிற நேரம், கோட்டைவாசலில் இருந்து புளியரைக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். டயரில் பட்டன், அதாவது வெட்டுக்கோடு, நன்றாகவே இருந்தது, ஆனால் டயருக்கு வயசாகி ரப்பர் கட்டியாகிவிட்டிருந்தது, அதை நான் கவனிக்கவே இல்லை. வேகமும் அதிகமில்லை. ஒரு வளைவில் ஸ்டீயரிங்கை ஒடித்தேன், வண்டி கேட்கவில்லை, வழுக்கிக்கொண்டு எதிர்ப்பக்கத்துக்குப் போனது, மேலே ஏறி வந்த சரக்கு லாரிக்காரர் ஓரம் கட்டி நிறுத்தினதால் பிழைத்தேன். அவர் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. அன்று எத்தனை குதிரை இருந்திருந்தாலும் உதவியிருக்காது. டயர் ஒவ்வொன்றும் தரையைத் தொடுகிற இடம் உள்ளங்கை அளவுதான், நாலு உள்ளங்கையை நம்பித்தான் நாம் மலை இறங்குகிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வளைவுக்குள்ளே போன பிறகு பயந்துபோய் ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று விட்டுவிட்டால், பாரம் முன்னால் சாய்ந்து பின் டயர் லேசாகி, பின்பக்கம் சுற்றிக்கொண்டு வரப் பார்க்கும். 1984-ல் வந்த பெஜோ 205 ஜிடிஐ இதற்கே பெயர் போன வண்டி. தெரிந்தவர்கள் அதை வைத்தே வளைவில் வண்டியைத் திருப்பினார்கள், தெரியாதவர்கள் வயலுக்குள் போனார்கள். நம் ஊர் ஈர ரோட்டுக்கு அந்தக் குணம் வேண்டவே வேண்டாம். வேகத்தை வளைவுக்கு முன்னாலேயே குறைத்துக்கொள்ளுங்கள், உள்ளே போனதும் காலை ஒரே நிதானத்தில் வையுங்கள்.

அத்தான் பக்க நியாயம் இது: சக்தி ரொம்பக் குறைந்தாலும் ஆபத்துதான். நாலு பேரும் ஏ.சி.யுமாக ஏற்றத்தில் ஒரு லாரியைத் தாண்டத் தொடங்கி, பாதியில் இன்ஜின் திணறினால் அதைவிடப் பயம் வேறில்லை. 100-ல் இருந்து 140 குதிரை, ஒரு டன்னுக்குள் எடை. நம் ரோட்டுக்கு இதுவே போதும் என்று அவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

கேள்வி: ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் இத்தனை வண்டி வருது. நமக்கு மட்டும் ஏன் வர்றதில்லை?
(வாசகர், சங்கரன்கோவில்)

வரிதான் முக்கியக் காரணம். நாலு மீட்டருக்கு உள்ளே நீளம், பெட்ரோல் இன்ஜின் 1,200 சி.சி.க்கு உள்ளே என்றால்தான் சின்ன கார் வரி. 2025 செப்டம்பர் 22 முதல் அது 18 சதவீதம். அந்தக் கோட்டை ஒரு சி.சி. தாண்டினாலும் 40 சதவீதம். உலகத்தில் நல்ல ஹாட் ஹேட்ச் இன்ஜின் பெரும்பாலும் 1.4, 1.6, 2 லிட்டர். அப்படியே இங்கே கொண்டுவந்தால் சின்ன வண்டிக்குப் பெரிய வண்டி விலை சொல்ல வேண்டியிருக்கும். 2016-ல் போலோ ஜிடிஐ வந்தபோது விலை கிட்டத்தட்ட 26 லட்சம், மூணு கதவு, 192 குதிரை. 2025-ல் வந்த கோல்ஃப் ஜிடிஐ சுமார் 53 லட்சம்.

ஆனாலும் முயற்சி செய்தவர்கள் இல்லாமல் இல்லை. ஃபியட் 2001-லேயே பாலியோவில் 1.6 லிட்டர், 100 குதிரை கொடுத்தது. 2015-ல் அபார்த் புன்டோ, 145 குதிரை. 2017-ல் பலேனோ ஆர்.எஸ்., 1 லிட்டர் டர்போ, 102 குதிரை, பின்னாலும் டிஸ்க் பிரேக். அப்புறம் நம் கோயம்புத்தூரின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் டாடாவோடு சேர்ந்து 2018-ல் கொண்டுவந்த டியாகோ ஜே.டி.பி., 114 குதிரை, ஏழு லட்சத்துக்குள் ஷோரூம் விலை. ஸ்டிக்கர் ஒட்டி ஏமாற்றாமல் சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், இன்ஜின் எல்லாவற்றிலும் கை வைத்த வண்டி. 2020-ல் பாரத் ஸ்டேஜ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த சமயத்தோடு அது நின்றுபோனது. எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான். தமிழ்நாட்டில் கை பட்டு உருவான வண்டி என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, விலையைப் பார்த்து ஒரு சாதாரண சம்பளக்காரர் வாங்க முடிகிற ஹாட் ஹேட்ச் என்பதுதான் இந்த வகையின் மூல யோசனையே. 53 லட்சத்தில் அந்த யோசனை செத்துவிடுகிறது.

அண்மைக் காலத்தில் வந்தவற்றின் கணக்கு என்றால், 2021-ல் வந்த ஐ20 என் லைன் 120 குதிரை, 2024-ல் வந்த ஆல்ட்ரோஸ் ரேசரும் 120 குதிரை. ரெண்டும் சின்ன டர்போ இன்ஜின், காரணம் அந்த 1,200 சி.சி. கோடுதான்.

கேள்வி: செகண்ட் ஹேண்ட்ல ஒரு போலோ டர்போ பாத்து வச்சிருக்கேன். வாங்கின உடனே ரீமேப் பண்ணி, ஸ்பிரிங்கைக் கட் பண்ணி இறக்கிரலாம்னு ஆசை. செய்யலாமா அண்ணாச்சி?
(மேலப்பாளையம் தம்பி)

வண்டியை வாங்கு, ஆசையை ஒத்திவை. ஸ்பிரிங்கை வெட்டவே வெட்டாதே. வெட்டின ஸ்பிரிங் கட்டியாகிவிடும், ஷாக் அப்சார்பர் அதற்கேற்ற மாதிரி இருக்காது, சின்ன மேட்டிலேயே டயர் தரையை விட்டு எழும்பும். டயர் அந்தரத்தில் இருக்கிற நேரத்தில் பிரேக்கும் இல்லை, ஸ்டீயரிங்கும் இல்லை. தவிர, ஊருக்குள்ளே அளவே இல்லாமல் போட்டிருக்கிற வேகத்தடை ஒவ்வொன்றும் அடியை உரசும். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, ஆர்.சி.யில் இருக்கிற கம்பெனி அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

ரீமேப், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றிச் சக்தி கூட்டுகிற வேலை, அதற்கு ஒதுக்கின காசில் நாலு நல்ல டயர் போடு, பிரேக் ஆயிலை மாற்று, சஸ்பென்ஷன் இணைப்புகளில் தேய்ந்துபோன ரப்பர் புஷ் எல்லாவற்றையும் மாற்று, வீல் அலைன்மென்ட் பார். பத்து வருஷத்து வண்டி புஷ் மாற்றின மறுநாள் ஓட்டிப் பார், வேற வண்டி மாதிரி இருக்கும். வாங்கும் முன்னால் சர்வீஸ் பில் முழுக்கக் கேள். டர்போ வண்டிக்கு ஆயில் மாற்றின தேதிதான் ஜாதகம்.

கேள்வி: நான் பள்ளிக்கூட ஆசிரியை. தினமும் ஆலங்குளம் வரை போய் வருகிறேன். ஆட்டோமேட்டிக் எடுத்தால் ஹாட் ஹேட்ச் ஓட்டுகிற சுகம் போய்விடும் என்கிறார் என் தம்பி. அப்படியா?
(வாசகி, பாளையங்கோட்டை)

இல்லை அம்மா. மலை ரோட்டில் கியரைக் கையால் மாற்றுவது தனிச் சுகம், அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் காலை எட்டரை மணிக்கு வண்ணார்பேட்டையில் ஆரம்பித்து டவுன் வரைக்கும் கிளட்ச் மிதித்துக்கொண்டே போகிறவர் நீங்கள், உங்கள் தம்பி இல்லை. இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்கில் கையால் மாற்றவும் வழி இருக்கிறது. ஒன்று மட்டும்: நெரிசலில் அங்குலம் அங்குலமாக ஊரவிடாதீர்கள். முன்னால் கொஞ்சம் இடம் விழுந்ததும் ஒரேயடியாக நகருங்கள், கிளட்ச் சூடாகாது. தினமும் ஓட்டுகிறவருக்கு அலுப்புத் தராமல் இருப்பதுதான் ஹாட் ஹேட்ச்சின் பாதிக் குணம்.

கேள்வி: எல்லாரும் எஸ்.யூ.வி. எடுக்கிறாங்க. இனியும் ஹேட்ச்பேக் எடுக்கணுமா?
(வாசகர், பணகுடி)

காற்றுக் காலத்தில் முப்பந்தல் வழியாக ஆரல்வாய்மொழிக்கு ஒரு உயரமான வண்டியிலும், மறுநாள் ஒரு ஹேட்ச்பேக்கிலும் போய்வாருங்கள். பக்கவாட்டுக் காற்று எதை அதிகம் தள்ளுகிறது என்பது ஸ்டீயரிங்கிலேயே தெரியும். பள்ளமான தோட்டத்து ரோடு தினமும் உண்டு என்றால் மட்டும் எஸ்.யூ.வி.

கேள்வி: டெஸ்ட் டிரைவுக்கு இருபது நிமிஷம்தான் தருவாங்க. எதைப் பார்க்கணும்?
(வாசகர், கடையநல்லூர்)

சேல்ஸ்காரர் சொல்கிற அகலமான நேர் ரோடு வேண்டாம், ஒட்டுப்போட்ட பழைய ரோடு ஒன்றைக் கேளுங்கள். பாட்டு, ஏ.சி. ரெண்டையும் அணைத்துவிடுங்கள். ஒட்டுப்போட்ட இடத்தில் நாற்பதில் போகும்போது வண்டி ஒரு தடவை அமுங்கி நிற்கிறதா, ரெண்டு மூணு தடவை ஆடுகிறதா என்று பாருங்கள். ஒரு தடவைதான் நல்லது. பின்னால் வண்டி இல்லாத இடமாகப் பார்த்து நல்ல அழுத்தமாக ஒரு பிரேக். மூணாவது கியரில், இன்ஜின் நிமிஷத்துக்கு 1,500 சுற்றில் இருக்கும்போது மிதித்து, டர்போ எவ்வளவு நேரம் கழித்து வருகிறது என்று மனசுக்குள் எண்ணுங்கள்.

அப்புறம், பின் சீட்டில் உங்கள் அம்மாவையோ அப்பாவையோ உட்கார வைத்துக்கொண்டு போங்கள். திரும்பி வந்ததும் அவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினால் வேறு வண்டி பாருங்கள்.