பழைய பத்மினி காருக்கு உதிரிபாகம் ஏன் எளிதில் கிடைப்பதில்லை?

உற்பத்தி நின்றுபோன காருக்குத் தேவைப்பட்டும், கடைகளில் வழக்கமாக இருப்பில் வைக்கப்படாத பாகத்தையே அரிய உதிரிபாகம் என்கிறோம். ஓடும் வண்டிகள் குறையக் குறையப் பாகங்களைத் தயாரிப்பது கட்டுப்படியாவதில்லை. ஆனால் குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று கதவின் அடித்தகட்டை அரித்துக்கொண்டே இருப்பதால் தேவை மட்டும் குறைவதில்லை.

பத்மினி என்பது ஃபியட் 1100D காரின் இந்திய வடிவம் என்பதால், ஃபியட் பெயரிலும் கேட்டுப் பார்ப்பது நல்லது. கம்மலில் ஒன்று தொலைந்தால், வடசேரி நகை ஆசாரியிடம் மற்றதைக் காட்டி ஜோடி செய்துகொள்வதுபோல, தேய்ந்த புஷ்ஷை (தண்டைச் சுற்றி அமரும் உருளை வடிவ வளையம்) மாதிரியாகக் கொடுத்து லேத் பட்டறையில் கடைந்து வாங்கலாம். அது பொருந்தும் இரும்புத் தண்டையும் கூடவே கொண்டுபோனால்தான் அளவு சரியாக அமையும் (ஆகவே பழையதை அவசரப்பட்டு இரும்புக் கடையில் போட்டுவிடாதீர்கள்).

பெட்டி பிரிக்காத பழைய சரக்கு புதியதற்குச் சமம் என்று பலர் நம்புகிறார்கள். ரப்பர் பாகங்களோ வண்டியில் மாட்டாமலேயே இறுகி வெடித்துவிடும்.